வரத்தில் விடுபட்ட பெயர்

சாகாவரம் கேட்டுத் தவம் செய்த இராவணனுக்குப் பிரமன் அதைத் தர மறுத்துவிட்டான். அப்படியானால் தேவர், யட்சர், நாகர், தானவர், அரக்கர் ஆகியோரால் தனக்குச் சாவு வரக்கூடாது என்று இராவணன் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தப் பட்டியலில் மனிதர் இல்லை. அவர்களை அவன் துரும்பாகக்கூட மதிக்கவில்லை.

யாராலும் வெல்ல முடியாதவனை வீழ்த்தும் கதைகளுக்கெல்லாம் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். எதிரி மெய்யாகவே வெல்ல முடியாதவன் என்றால் கதை நகராது. வெல்லக்கூடியவன் என்றால் அவனைப் பற்றிச் சொன்ன பெருமையெல்லாம் பொய்யாகிவிடும். இராமாயணம் இதை வக்கீல் மூளையோடு தீர்க்கிறது. வரம் பொய்க்கவில்லை, அதன் வாசகத்திலேயே வழி இருந்தது. அதற்காகத் திருமாலே மனிதனாகப் பிறக்க வேண்டியிருந்தது. வான்மீகியின் காவியத்தில், போருக்குப் பின் தேவர்கள் வந்து இராமனிடம் அவன் யாரென்று நினைவூட்டும்போது, தன்னைத் தசரதன் மகனான மனிதனாகவே எண்ணுவதாக அவன் சொல்கிறான். வரத்தின் கணக்கும் அப்படி இருந்தால்தான் சரியாக வரும்.

மெசபடோமியக் களிமண் பலகைகளில் கிடைத்த கில்கமெஷ் காவியம் வேறு வழியில் போகிறது. ஊருக் நகரத்து அரசன் கில்கமெஷும் தோழன் எங்கிடுவும், என்லில் தேவன் தேவதாரு வனத்துக்குக் காவல் வைத்த ஹும்பாபாவைக் கொல்கிறார்கள். சூரியதேவன் ஷமாஷ் காற்றுகளை ஏவி அந்தப் பூதத்தை நகரவிடாமல் முடக்கியதால்தான் அது முடிந்தது. பிறகு இஷ்தார் தேவி அனுப்பிய விண்ணுலகக் காளையையும் கொன்று, அதன் தொடையைப் பிய்த்து அவள்மீதே வீசுகிறான் எங்கிடு. தேவர் சபை கூடுகிறது. இருவரில் ஒருவன் சாக வேண்டும் என்று தீர்ப்பாகிறது. எங்கிடு வாளால் சாகவில்லை, படுக்கையில் நோயுற்றுச் சாகிறான். காவியத்தின் பிற்பாதி முழுவதும் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை பற்றியதுதான்.

ஹோமரின் இலியட்டில் ஐந்தாம் பகுதி இந்த வகையில் ஈடு சொல்ல முடியாதது. கிரேக்க வீரன் டயோமிடீஸின் கண்ணை மறைத்த மூடுபனியை அதீனா தேவி நீக்குகிறாள். போர்க்களத்தில் மனிதர் யார், தேவர் யார் என்று அவனுக்குத் தெரியத் தொடங்குகிறது. கூடவே ஒரு கட்டளை: அப்ரோடைட்டியை மட்டும் தாக்கலாம், மற்ற தேவர்களைத் தொடக்கூடாது. மகன் ஏனியாஸைக் காக்க வந்த அப்ரோடைட்டியின் கையை டயோமிடீஸின் ஈட்டி கிழிக்கிறது. அவள் அலறி, மகனை நழுவவிட்டு, தாயிடம் ஓடுகிறாள். வெறி தலைக்கேறிய டயோமிடீஸ் அப்போலோவையும் நெருங்குகிறான். மூன்று முறை பாய்ந்து, நான்காம் முறை அப்போலோவின் ஓர் அதட்டலில் பின்வாங்குகிறான். கடைசியில் அதீனாவே தேரேறி வந்து டயோமிடீஸின் ஈட்டியை அழுத்த, போர்த்தெய்வம் ஏரிஸின் வயிற்றில் அது இறங்குகிறது. ஒன்பதாயிரம், பத்தாயிரம் வீரர்கள் சேர்ந்து கத்துவதுபோல் அலறிய ஏரிஸ், ஒலிம்பஸுக்குப் போய் முறையிட்டு ஜீயஸிடம் வசைதான் வாங்குகிறான். தேவர் யாரும் சாகவில்லை, ஹோமர் இதில் கொஞ்சம் சிரிக்கவும் செய்கிறார். தேவர்களோடு மோதுபவனுக்கு ஆயுள் நீளாது என்கிறாள் அப்ரோடைட்டியின் தாய். ஆனால் டயோமிடீஸ் உயிரோடு ஊர் திரும்பியவர்களில் ஒருவன்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் இந்த மரபைத் தலைகீழாக்கினார். 1928-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளியான அவருடைய கதையில், கடலடியிலிருந்து எழும் கதுலு என்ற பேருருமீது நார்வே மாலுமி யோஹன்சன் கப்பலை நேரே செலுத்துகிறான். உருவம் வெடித்துச் சிதறுகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் சிதறியது மறுபடி ஒன்றுகூடத் தொடங்கிவிடுகிறது. அவன் வெல்லவில்லை, தப்பித்தான், அதுவும் சில காலத்துக்குத்தான். இங்கே வரமும் இல்லை, துணை நிற்கும் தெய்வமும் இல்லை. மனிதனைப் பொருட்டாகவே எண்ணாத ஒன்றுக்கு எதிரே அவனுடைய வீரம் எதற்கும் உதவாது என்பதே லவ்கிராஃப்ட் தரும் அச்சம்.

இந்தக் கதைகளைப் பின்னர் மேசை விளையாட்டுகள் எடுத்துக்கொண்டன. 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு 1976-இல் ஒரு துணைநூல் வெளியானது. பல நாட்டுத் தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளிகள் இத்தனை என்று அதில் எண் குறிக்கப்பட்டிருந்தது. மிதமிஞ்சிய வலிமை சேர்த்துக்கொண்ட ஆட்டக்காரர்களுக்குத் தெய்வத்தின் அளவைக் காட்டி அடக்குவதும் பதிப்பாசிரியரின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் எண் என்று ஒன்று இருந்தால் அதைப் பூஜ்யமாக்கவும் முடியும் அல்லவா? ஜீயஸும் அடித்து முடிக்க வேண்டிய இன்னொரு எதிரியாகிப் போனார். 1981-இல் லவ்கிராஃப்டின் கதைகளை வைத்து வந்த விளையாட்டு இதற்கு மாற்று கண்டது. அதில் கதுலுவைப் பார்த்தாலே ஆட்டக்காரனின் மனநிலைப் புள்ளிகள் சரியும். அந்தப் பேருரு எழுவதற்கு முன்பே, அதை எழுப்பும் சடங்கைக் கண்டுபிடித்துத் தடுத்துவிடுவதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம்.