மோட்டாருக்கு ஒரு மேடை!

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வெள்ளம் வந்தால் போர்வெல்லுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் தப்பிவிடும். கொட்டகைச் சுவரில் தாழ மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டியும், தரையில் வைத்த மோனோபிளாக் மோட்டாரும்தான் பாழாகும்.

இதுவரை வெள்ளம் ஏறிய உச்ச மட்டத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஓரடியாவது உயரும்படி கருங்கல், சிமென்ட் மேடை கட்டி மோட்டாரை வையுங்கள். வெறும் மண்மேடு கரைந்துவிடும். ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்சை இன்னும் மேலே மாட்டுங்கள். மேடை உயர்ந்தால் உறிஞ்சும் ஆழமும் கூடும்; கிணற்று நீர்மட்டத்திலிருந்து 20 அடியைத் தாண்ட வேண்டாம்.

நனைந்த மோட்டாரை, தண்ணீர் வடிந்ததுமே போட்டுப் பார்க்காதீர்கள். காயில் கருகும்; உயிருக்கும் ஆபத்து. எலெக்ட்ரீஷியன் சோதித்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.