ஆய்வுகூட எபொக்சி மேசைத்தளம்: விலை எழுதுமுன் கவனிக்க வேண்டியவை

பெரியமடுவைச் சேர்ந்த கட்டட வேலைச் சகோதரர் ஒருவர் அண்மையில் ஒரு விளக்கம் கேட்டிருந்தார். பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடமொன்றின் திருத்த வேலைக்கு அவரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் ‘எபொக்சி ரெசின் மேசைத்தளமும் சிங்க்கும்’ என்று ஒரு வரி. “நாங்கள் கடையொன்றின் தரைக்கு எபொக்சி பூசியிருக்கிறோம், அதே வேலைதானே?” என்பது அவருடைய கேள்வி. இல்லை. இந்த ஒரு வரியைச் சரியாக விளங்காமல் விலை எழுதினால் கைமுதலே போய்விடும் என்பதால் இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் மீளக் குடியேறிய நமது கிராமங்களில் மேசன் வேலை, தச்சு வேலை, குழாய் வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் கையிலுள்ள முதல் சிறியது. பெரிய கொந்தராத்துக்காரர் ஒரு பலகை உடைந்தால் அடுத்த வேலையில் ஈடுகட்டிக்கொள்வார். நம்மவருக்கு அந்த அடுத்த வேலை எப்போது வருமென்பதே நிச்சயமில்லை.

எபொக்சி என்ற பொருள் நமக்குப் புதிதல்ல. உடைந்த கதிரையையும் தட்டையும் ஒட்டும் இரண்டு குழாய் ‘அரல்டைட்’ எபொக்சிதான். சுவிற்சர்லாந்தின் ஸீபா நிறுவனம் 1940களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே பெயரில் இன்று மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, தரையிலோ பழைய மேசையிலோ தூரிகையால் பூசும் மெல்லிய பூச்சு. இரண்டாவது, பலகையின் மேல் ஊற்றிக் கண்ணாடி போல் உறையவிடும் அலங்கார வேலை. மூன்றாவது, எபொக்சி ரெசினுடன் சிலிக்கா மணல்தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்த்து, தொழிற்சாலையில் அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு இறுக்கிய கட்டிப் பலகை. மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள். ஆய்வுகூடத்துக்கு எழுதப்படுவது இந்த மூன்றாவதுதான். மெல்லிய பூச்சில் ஓரிடம் கீறுப்பட்டால் அமிலம் அதனூடே இறங்கி அடியிலுள்ள மரத்தையோ சீமெந்தையோ தின்றுவிடும். கட்டிப் பலகையில் கீறு விழுந்தாலும் அடியிலிருப்பது அதே எபொக்சி.

டைல்ஸ் ஒட்டினால் மலிவல்லவா என்று கேட்கலாம். டைல்ஸ் அமிலத்தைத் தாங்கும். இடையிலுள்ள சீமெந்து கிரவுட் தாங்காது. ஐதரோகுளோரிக் அமிலம் சிந்தும் மேசையில் சில வருடங்களில் இடைவெளிகள் குழியாகி, டைல்ஸ் ஒவ்வொன்றாய் ஆடத் தொடங்குவதைப் பழைய ஆய்வுகூடங்களில் பார்த்திருப்பீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பாரம். 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்புள்ள தளம் ஏறத்தாழ 140 கிலோ வரும். மூன்று சீமெந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அடியிலுள்ள அலுமாரிகளோ இரும்புச் சட்டமோ அதைத் தாங்க வேண்டும். அத்துடன் எல்லா இடமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மரப்பலகை என்றால் சற்று வளைந்து கொடுக்கும். இது வளையாது, வெடிக்கும். ஆகவே ஸ்பிரிட் லெவல் வைத்து, மட்டம் குறைந்த இடத்தில் மெல்லிய ஆப்பு வைத்துச் சரிசெய்த பின்னரே பலகையை ஏற்ற வேண்டும். தூக்கும்போது கதவைக் கொண்டுபோவது போல நிறுத்திப் பிடித்துத் தூக்குங்கள். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறிந்துவிடக்கூடும்.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. அலுமாரிகளைச் சுவரோடு பொருத்திய பிறகு அளந்து, அந்த அளவிலேயே வெட்டித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். சிங்க்குக்கான துளையையும் முடியுமானால் அங்கேயே வெட்டுவித்துக்கொள்ளுங்கள். இடத்தில்தான் வெட்ட வேண்டுமென்றால் வைரப் பல்லுள்ள தட்டும் தண்ணீரும் வேண்டும். துளையின் மூலைகளை முதலில் வட்டமாகத் துளைத்துவிட்டுப் பின்னர் நேராக வெட்டுங்கள். கூரான மூலையிலிருந்துதான் வெடிப்புப் புறப்படும்.

வேலையாட்களின் உடம்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். காய்ந்த நிலையில் கிறைண்டர் பிடித்தால் பறக்கும் தூசில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசு வடிக்கும் முறையான முகமூடி வேண்டும். அதேபோல் உறையாத எபொக்சிப் பசை வெறுங்கையில் படவிடக் கூடாது. சிலருக்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பின்னர் ஆயுளுக்கும் அந்தப் பசைக்குக் கிட்டப் போக முடியாது. கையுறை வாங்கும் காசை விலைமனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் எட்டிலொரு அங்குலம் அளவுக்கு இடைவெளி விட்டு, இரு பக்கமும் டேப் ஒட்டி, பலகையின் நிறத்திலேயே வரும் இருபாகப் பசையை நிரப்ப வேண்டும். இவ்விடத்தில் கரையோரத்தில் பைபர் படகு வேலை செய்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படகுக்குப் பாவிப்பது பொதுவாகப் பொலியெஸ்டர் ரெசின். அதில் ஹார்ட்னரைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும். எபொக்சியில் அந்தப் பழக்கம் செல்லாது. டப்பாவில் எழுதியுள்ள விகிதத்துக்குக் கூடினாலும் குறைந்தாலும் பசை முழுதாக இறுகாமல் மெழுகு போல் நின்றுவிடும். நமது வெயிலில் கலவை சீக்கிரம் சூடேறும். ஆகவே சிறிது சிறிதாகக் கலந்து, வழிந்ததை ஈரமாயிருக்கும்போதே துடைத்துவிடுங்கள். காய்ந்த பின் சுரண்டினால் தளத்தில் தழும்பு நிற்கும். ஒரு நாள் முழுவதும் அதன்மேல் பாரம் வைக்க வேண்டாம்.

சிங்க்கும் அதே பொருளில் ஒரே வார்ப்பாக வரும். தளத்துக்கு அடியில் பொருத்தும் வகையாயின், பசையை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. அடியிலிருந்து சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். தண்ணீர் நிறைந்தால் எவ்வளவு பாரம் என்று எண்ணிப்பாருங்கள். கழிவுத் துளையின் நட்டை மட்டுமீறி முறுக்கினால் அந்த இடத்திலேயே வெடிக்கும். கையால் இறுக்கி, பின்னர் சாவியால் சற்றே திருப்பினால் போதும். பித்தளை, இரும்புப் பொருத்துகளை அமிலம் அரிக்கும். பிவிசியை அசற்றோன் இளக்கிவிடும். பொலிபுறொப்பிலீன் குழாயும் பொறியும்தான் பொருத்தம்.

குழாய் எங்கே போய் முடிகிறது என்பதைப் பலர் கேட்பதேயில்லை. மலசலகூடக் குழியோடு இணைத்துவிடுவது இலகு, ஆனால் தவறு. சுண்ணாம்புக்கல் துண்டுகள் நிரப்பிய தனித் தொட்டியொன்று அமிலத்தை ஓரளவு தணிக்கும். கற்கள் கரைந்து குறையக் குறைய நிரப்ப வேண்டும். பார உலோக உப்புகளையும் எண்ணெய்க் கரைப்பான்களையும் அந்தத் தொட்டியும் தடுக்காது. அவற்றைப் போத்தலில் வேறாகச் சேர்க்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் ஊர்களில் இது சின்ன விடயமல்ல.

பராமரிப்பைப் பொறுத்தவரை, எதையும் தாங்கும் தளம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். செறிந்த சல்பூரிக் அமிலம், குரோமிக் அமிலம், ஐதரோபுளோரிக் அமிலம் ஆகியன எபொக்சியையும் கெடுக்கும். சிந்திய அமிலத்தில் அப்பச்சோடாவைத் தூவி, பொங்கி அடங்கிய பின் நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். சுடரிலிருந்து எடுத்த புடக்குகையை நேரே தளத்தில் வைத்தால் வெடிக்கலாம். ஓட்டுத் தட்டு ஒன்று எப்போதும் மேசையில் இருக்கட்டும். நேர் வெயில் நாள் முழுதும் விழும் ஜன்னலோர மேசை காலப்போக்கில் வெளிறும். அங்கே திரைச்சீலை போடச் சொல்லுங்கள். மன்னார்ப் பகுதியில் பல கிணறுகளின் நீர் கடின நீர். கறுப்புச் சிங்க்கில் வெள்ளைப் படிவு சீக்கிரம் தெரியும். வினாகிரியில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுத் துடைத்தால் போய்விடும். கம்பி நாரால் உரசவே கூடாது. நாளாந்தம் சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கேள்வி கேட்ட சகோதரருக்கு என் ஆலோசனை இதுதான். விலைமனுவில் ‘எபொக்சி மேசை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘வார்ப்பு எபொக்சி ரெசின் பலகை’ என்றும், தடிப்பு, நீளம், மூட்டுகளின் எண்ணிக்கை, துளைகளின் எண்ணிக்கை, சிங்க் எந்த வகை, கழிவுக் குழாய் எதனால் ஆனது, தொட்டி உங்கள் பொறுப்பா பாடசாலையின் பொறுப்பா என்றும் தனித்தனி வரியில் எழுதுங்கள். அதே வரியில் இன்னொருவர் பூச்சு வேலைக்குப் பாதி விலை போட்டிருந்தால், இரண்டும் ஒன்றல்ல என்பது அதிபருக்கு உங்கள் தாளைப் பார்த்தாலே விளங்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நாளில் அதிபரையும் விஞ்ஞான ஆசிரியரையும் வைத்துக்கொண்டு சிங்க்கைத் தண்ணீரால் நிரப்பி, கீழே காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். தாள் நனையாமலிருந்தால் அங்கேயே கையொப்பம் வாங்கிவிடலாம்.