1910-க்குப் பிறகும் நாகசாகி

நாகசாகி துறைமுகத்தின் மேற்குக் கரையில், மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளத்துக்குள், 1909-இல் நிறுத்திய ஒரு ராட்சத கிரேன் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் செய்து கொண்டுவந்தது, மின்சாரத்தில் இயங்குவது, 150 டன் தூக்கக்கூடியது. 2015-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதே தளத்தின் மூன்றாம் உலர்துறையும் பழைய மரப்பட்டறையும் விருந்தினர் மாளிகையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பட்டியலுக்காக ஜப்பான் வகுத்த காலம் 1850-களில் தொடங்கி 1910-இல் நின்றுவிடுகிறது. இந்தத் தளத்தில் நாம் மறக்கக் கூடாதவற்றில் பெரும்பகுதி அதற்குப் பின் நடந்தவை.

தொடக்கமே அரசாங்கத்தின் கைவேலைதான். 1857-இல் டோக்குகாவா ஆட்சியாளர்கள் நெதர்லாந்துப் பொறியாளர் ஹார்டெஸை வைத்து இங்கே ஓர் இரும்புப் பட்டறையைக் கட்டத் தொடங்கினார்கள். 1861-இல் வேலை முடிந்தது. அவர்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு அதை 1884-இல் இவாசாகி யத்தாரோவின் மிட்சுபிஷிக்குக் குத்தகைக்கு விட்டது. மறு வருடமே அவர் இறந்துபோனார். 1887-இல் தளம் முழுவதும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. காகிதத்தில் அது தனியார் சொத்து. ஆனால், உள்நாட்டில் கட்டும் பெரிய கப்பல்களுக்கு மானியம் தரும் சட்டம் 1896-இல் வராமல் போயிருந்தால், 1898-இல் 6,172 டன் ‘ஹிட்டாச்சி மாரு’வைக் கட்டும் துணிச்சல் அதற்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. அதன் தறையாணிகள் சரியில்லை என்று, கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் லாயிட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தகராறு செய்ய, கப்பலை ஒப்படைப்பது தள்ளிப்போனது.

அடுத்து வந்தது கடற்படை. 1938 மார்ச்சில் ‘முசாஷி’ போர்க்கப்பலுக்கு அடித்தளம் இட்டார்கள். ‘யமாட்டோ’வின் உடன்பிறப்பு, உலகம் கண்ட மிகப்பெரிய போர்க்கப்பல்கள் இவை இரண்டும்தான். ‘யமாட்டோ’ கூரே நகரின் கடற்படைத் தளத்தில் உருவானது. ‘முசாஷி’யோ, மலைச்சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக இருந்த ஒரு துறைமுக நகரத்தின் கண்ணெதிரே எழும்பியாக வேண்டும். நார்க்கயிற்றில் பின்னிய பிரம்மாண்டமான திரைகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றுக்காக வாங்கிக் குவித்ததில் சந்தையில் நாருக்கே தட்டுப்பாடு வந்தது. எதிர்க்கரையில் இருந்த பிரிட்டன், அமெரிக்கத் துணைத் தூதரகங்களின் பார்வையை மறைக்க ஒரு கிடங்கைக் கட்டினார்கள். குன்றின் மேலிருந்து தளம் தெளிவாகத் தெரியும் கிளவர் மாளிகையை மிட்சுபிஷியே 1939-இல் விலைக்கு வாங்கிவிட்டது.

1940 நவம்பர் 1 அன்று கப்பலை நீரில் இறக்கினார்கள். வான்வழித் தாக்குதல் ஒத்திகை என்று சொல்லி ஊராரை வீட்டுக்குள்ளேயே இருக்க வைத்தார்கள். கப்பல் இறங்கிய வேகத்தில் ஒரு மீட்டருக்கு மேல் எழுந்த அலை எதிர்க்கரை வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் ஏன் வந்தது என்று கேட்க அந்த வீட்டுக்காரர்களுக்கு வழியில்லை. நான்கே வருடங்களில், 1944 அக்டோபர் 24 அன்று, பிலிப்பைன்ஸின் சிபுயான் கடலில் அமெரிக்க விமானங்கள் முசாஷியை மூழ்கடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

போர்க்காலத்தில் தளத்தின் வேலையாட்களில் கொரியாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். பட்டியலில் உள்ள சில இடங்களில் கொரியர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாக அழைத்துவரப்பட்டுக் கடுமையான நிலையில் வேலை வாங்கப்பட்டார்கள் என்று ஜப்பானின் பிரதிநிதியே 2015-இல் யுனெஸ்கோ குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அந்த வரலாற்றைப் பார்வையாளர்களுக்குச் சொல்வோம் என்ற உறுதியும் தரப்பட்டது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்று 2021-இல் அதே குழு வருத்தம் தெரிவித்தது. கிரேனைக் காப்பாற்றக் காட்டிய அக்கறையை அதனடியில் உழைத்த மனிதர்கள் மீதும் காட்டியிருக்க வேண்டும்.

யமாகுச்சி சுட்டோமு இந்தத் தளத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவர். எண்ணெய்க் கப்பல்களை வரைபவர். அலுவல் நிமித்தம் ஹிரோஷிமா போயிருந்தவர், ஊர் திரும்ப வேண்டிய வேளையில், 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டில் சிக்கினார். தீக்காயங்களோடு நாகசாகி வந்து சேர்ந்து, 9-ஆம் தேதி அலுவலகம் போனார். ஒரே குண்டில் ஒரு நகரம் அழிந்தது என்று அவர் சொன்னதை மேலாளர் நம்பவில்லை. பேச்சு முடிவதற்குள் சன்னலுக்கு வெளியே மறுபடியும் அதே வெளிச்சம். இரண்டு குண்டுகளிலும் பாதிக்கப்பட்டவர் என்று 2009-இல்தான் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. மறு வருடம் 93 வயதில் காலமானார். குண்டு வடக்கே உராகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்ததால் தளம் பெருமளவு தப்பியது, கிரேனும் தப்பியது.

போருக்குப் பின் எண்ணெய்க் கப்பல்களின் காலம். 1956-இல் ஜப்பான் பிரிட்டனை முந்தி, உலகிலேயே அதிகம் கப்பல் கட்டும் நாடானது. 1972-இல் அருகிலுள்ள கோயாகியில் மிட்சுபிஷியின், பத்து லட்சம் டன் கப்பலைக் கட்டக்கூடிய உலர்துறை திறந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. பிறகு கொரியாவும் சீனாவும் முன்னேறின. உல்லாசக் கப்பல்களில் பிழைக்கலாம் என்று முயன்றபோது, 2002-இல் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கட்டும்போதே தீப்பிடித்தது. ஜெர்மானிய நிறுவனத்துக்காகக் கட்டிய ‘ஐடாபிரிமா’ பெரும் நஷ்டத்தில் முடிந்து, 2016-இல் அந்தத் தொழிலிலிருந்தே மிட்சுபிஷியைப் பின்வாங்க வைத்தது. கோயாகி தளம் ஒஷிமா கப்பல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

பழைய தளத்துக்கு இப்போது சோறு போடுவது மறுபடியும் கடற்படைதான். ‘மோகாமி’ போர்க்கப்பலை 2021 மார்ச்சில் இங்கிருந்தே நீரில் இறக்கினார்கள். அதன் மேம்பட்ட வடிவத்தை வாங்கப்போவதாக 2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா அறிவித்தது: மொத்தம் 11 கப்பல்கள், முதல் மூன்றும் ஜப்பானில் கட்டப்படும்.