கருவின் 14-ஆம் நாள்: எல்லை ஏன் அங்கே?

நாமக்கல் பண்ணைகளிலிருந்து சந்தைக்கு வரும் முட்டை, சேவல் சேராத கூண்டுக்கோழி இடுவதாதலால் அதில் உயிர்க்கரு இல்லை. குஞ்சுப் பொரிப்பகத்திற்குச் செல்லும் கருவுற்ற முட்டையிலோ, அடைவைத்த முதல் நாளிலேயே, தலை எது, வால் எது, இடம் எது, வலம் எது என உடலுக்குத் திசை வகுக்கும் ‘தொடக்கக் கோடு’ தோன்றிவிடுகிறது. மனிதக் கருவில் இக்கோடு ஏறத்தாழ 14-ஆம் நாளில் தோன்றுகிறது. அதுவரை ஒரு கரு பிரிந்து இரட்டையராகவும் கூடும், நரம்பணுவும் அதில் இராது என்பதால், 1984-இல் மனிதக் கரு ஆய்வுக்கான நெறிகளை ஆராய்ந்த பிரிட்டனின் வார்னாக் குழு அந்நாளையே அவ்வாய்வுக்கு எல்லையாக்கப் பரிந்துரைத்தது. குருத்தணு ஆய்வுக்கான இந்தியாவின் 2017-ஆம் ஆண்டுத் தேசிய வழிகாட்டு நெறிகளும் அவ்வெல்லையை ஏற்றுள்ளன.

உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்கள், ஆய்வுக்காக ஐந்தாறு நாள் வயதுடைய கருவின் உட்திரளிலிருந்து எடுக்கப்படுகையில் அக்கரு பொதுவாக அழிந்துபோகிறது. கருவுறும் கணத்திலேயே மனித உயிர் தொடங்குகிறது என்போர்க்கு இது உயிர்க்கொலை. அக்கவலை புறந்தள்ளத்தக்கதன்று, ஏனெனில் அறிவியல் வளர்ச்சியின் படிகளைக் காட்டுமேயன்றி அவற்றின் மதிப்பை அளந்து தராது. ஆயினும், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சி அழியவிருக்கும் கருவைப் பெற்றோரின் முழு ஒப்புதலோடு ஆய்வுக்கு அளிப்பது, வீணே அழியவிடுவதினும் மேலானது. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புதலுடன் அவ்வாறு அளிப்பதை அனுமதிக்கிறது. கருவை விற்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது.