முதல் பீரியடில் கொட்டாவி வருதா?



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதல் பீரியடில் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். அதனால் உங்கள் கொட்டாவிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு விடும் கொட்டாவி, கையைத் தூக்கிச் சோம்பல் முறிப்பது போல விடும் கொட்டாவி, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒட்டிக்கொள்ளும் கொட்டாவி... எத்தனை ரகம்!

ஆனால், அந்தக் கொட்டாவிக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்பதை எனக்குப் புரியவைத்தவள், எட்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி. அவள் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம், கதை மட்டும் போதும்.

கணக்கில் கெட்டிக்காரி அவள். திடீரென்று அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் இறங்கியது. வகுப்பில் எளிய வகுத்தல் கணக்குக் கேட்டாலும் விழித்தாள். பெஞ்சில் தலை சாய்த்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரி பூரா டி.வி. பார்த்தியா? எழுந்து நில்லு!" என்று அந்தப் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை பிரேயர். வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். எல்லோரும் பதறினோம். சத்துணவுக் கூடத்து ஆயா ஓடி வந்து, அவளை நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தார். அவள் கண் திறந்ததும் ஆயா கேட்டது ஒரே கேள்விதான்.

"கண்ணு, காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்ல ஆயா."

"நேத்து ராத்திரி?"

"ஒரு இட்லி."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. வகுப்பில் யாரோ அவளை "பூசணிக்கா" என்று கேலி செய்திருக்கிறார்கள். அன்று முதல் ஒரு மாதமாக, அம்மா கட்டிக் கொடுத்த காலை டிபனை வழியில் இருந்த மாட்டுக்குப் போட்டுவிட்டு, "சாப்பிட்டேன்" என்று சொல்லி வந்திருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, "சரியா சாப்பிடாததால வந்த மயக்கம். ரத்தமும் குறைவா இருக்கு" என்றார்.

இரண்டு நாள் முன்பு நான் நிற்க வைத்தது ஒரு சோம்பேறியை அல்ல, பசித்த குழந்தையை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கலோரி என்றால் என்ன?

வண்டி ஓடப் பெட்ரோல் வேண்டும். நம் உடம்பு ஓட உணவு வேண்டும். உணவில் இருக்கும் சக்தியை அளக்கும் அளவுதான் கலோரி. நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோகிராம் போல.

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதுதான் ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் சும்மா "கலோரி" என்று சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான். ஒரு கோழி முட்டையில் சுமார் 70 கலோரி இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, அவ்வளவு சக்தி அந்தச் சின்ன முட்டைக்குள்!

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் ஆட்வாட்டர் என்ற வேதியியல் அறிஞர், ஆள் உள்ளே தங்கக்கூடிய ஒரு சின்ன அறையை அமைத்தார். உள்ளே இருப்பவர் சாப்பிடுவார், தூங்குவார், நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிப்பார். அவர் உடம்பிலிருந்து வரும் வெப்பத்தை வெளியிலிருந்து அளந்தார்கள். ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும் என்ற கணக்கு ஆட்வாட்டரின் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். இன்றும் பாக்கெட் உணவுகளின் பின்னால் அச்சிடும் கலோரிக் கணக்குக்கு அடிப்படை இதுவே.

அப்பாவைவிட உனக்குத்தான் அதிகம்!

"நான் சின்னப் பையன்தானே, எனக்குக் கொஞ்சம் போதும்" என்று நினைக்கிறீர்களா? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு:

7 முதல் 9 வயது வரை – 1,700 கலோரி
10 முதல் 12 வயதுச் சிறுமி – 2,060 கலோரி
10 முதல் 12 வயதுச் சிறுவன் – 2,220 கலோரி
13 முதல் 15 வயதுச் சிறுமி – 2,400 கலோரி
13 முதல் 15 வயதுச் சிறுவன் – 2,860 கலோரி

உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ எடையுள்ள பெரிய ஆணுக்கு எவ்வளவு தெரியுமா? 2,110 கலோரிதான்! பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதைவிட 750 கலோரி கூடுதலாகத் தேவை. ஏன்? அப்பா வளர்ந்து முடித்துவிட்டார். நீங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எலும்பு நீள வேண்டும், தசை உறுதியாக வேண்டும், ரத்தம் பெருக வேண்டும். ஓட்டம், ஆட்டம், சைக்கிள் வேறு!

இன்னொன்று, மூளை. பெரியவர்களின் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளின் மூளைக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

இப்போது ஒரு கணக்கு. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் 12.40க்குச் சாப்பிட்டால் இடைவெளி எவ்வளவு? 16 மணி 40 நிமிடம்! இரவு முழுக்க நாம் தூங்கினாலும் இதயமும் மூளையும் தூங்குவதில்லை. கல்லீரலில் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை எடுத்துச் செலவழித்துக்கொண்டே இருக்கும். விடியும்போது அந்தச் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் வகுத்தல் கணக்குக் கேட்டால் எப்படி வரும்?

பட்டினி என்ன செய்யும்?

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் வாடினார்கள். அவர்களை மீட்பது எப்படி என்று அறிய, 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தனர். சுமார் ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழ பாதிதான் கொடுக்கப்பட்டது.

என்ன ஆயிற்று? உடம்பு மெலிந்தது மட்டுமல்ல. எப்போதும் குளிர் எடுத்தது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வந்தது. படிப்பில் மனம் நிற்கவில்லை. பகலும் இரவும் சாப்பாட்டு நினைவுதான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! வளர்ந்து முடித்த பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், வளரும் பிள்ளைகள் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?

"அப்படியானால் சிப்ஸும் கூல் டிரிங்ஸும் சாப்பிட்டுக் கலோரியைச் சேர்த்துவிடலாமே!" என்று குறும்புக்காரர்கள் கேட்பீர்கள். அதற்குப் பதில் நம்ம ஊர் குன்னூரில் இருக்கிறது.

ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் பெரிபெரி என்ற நோய் பலரை வாட்டியது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, இதயமும் பழுதாகும். அதை ஆராய 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் சர் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

பெரிபெரி வந்தவர்கள் பலர் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டவர்கள்தான்! ஆனால் அந்தச் சோறு, தவிடு முழுக்க நீக்கி வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தவிட்டோடு பி1 என்ற வைட்டமினும் போய்விட்டது. நெல்லை அவித்து எடுக்கும் புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. கலோரி இருந்தும் சத்து இல்லை என்றால் உடம்பு தாங்காது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்றைய கணக்கையும் பாருங்கள். 30 கிராம் சிப்ஸ் சுமார் 160 கலோரி தரும். 30 கிராம் வேர்க்கடலை சுமார் 170 கலோரி. கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் புரதம்? சிப்ஸில் சுமார் 2 கிராம், கடலையில் 7 கிராமுக்கு மேல்! கூல் டிரிங்ஸிலோ சர்க்கரையைத் தவிர வேறு சத்தே இல்லை.

ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கலாம்

பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு ஒரு மாதிரிக் கணக்கு இது. வீட்டுக்கு வீடு கொஞ்சம் கூடும், குறையும்.

காலை: நான்கு இட்லி, சாம்பார் அல்லது சட்னி, ஒரு டம்ளர் பால் – 500
இடைவேளை: ஒரு கைப்பிடி வேர்க்கடலை – 170
மதியம்: இரண்டு கப் சோறு, சாம்பார், கீரை, ஒரு முட்டை, மோர் – 650
மாலை: ஒரு கப் சுண்டல், ஒரு வாழைப்பழம் – 270
இரவு: மூன்று தோசை, சட்னி – 470

கூட்டிப் பாருங்கள். 2,060 வருகிறதா? இதில் விலை உயர்ந்த பொருள் ஏதாவது இருக்கிறதா? எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதான். முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொட வேண்டாம், பொட்டுக்கடலையைக் கேளுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது தடைபடும்.

ஒரு எச்சரிக்கை. நான் கணக்கு டீச்சர் என்பதால் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்கள் தட்டைப் பார்த்துத் தினமும் கலோரி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பசித்தால் சாப்பிடுங்கள், பலவிதமாகச் சாப்பிடுங்கள், ஓடி விளையாடுங்கள். எடை அதிகமோ குறைவோ என்று கவலை வந்தால் அம்மா அப்பாவிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். நீங்களாகப் பட்டினி கிடக்காதீர்கள்.

அம்மா அதிகாலையிலேயே வேலைக்குப் போகிறாரா? அடுப்பு இல்லாமலேயே வழி இருக்கிறது. அவலை நனைத்து வெல்லமும் தேங்காயும் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் டிபன் தயார். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் அமிர்தம்!

வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளும் சிலருக்கு வரும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று தெரிந்துதான், 1956இல் காமராஜர் முதல்வராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பசித்தால் உங்கள் டீச்சரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? ஆயா தினமும் காலையில் அவளைப் பார்த்துச் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்பார். நானும் அவளைக் கூப்பிட்டு, "அன்னிக்கு உன்னை நிக்க வெச்சது என் தப்பும்மா" என்று சொன்னேன். கேலி செய்தவர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

சில ஆண்டுகளுக்கு முன் தன் மகளின் காதுகுத்துக்கு அழைக்க வந்திருந்தாள். பத்திரிகையை நீட்டுவதற்கு முன்னால், என் முகத்தைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி:

"டீச்சர், சாப்பிட்டீங்களா?"

செல்லங்களே, நாளைக் காலை உங்கள் பெஞ்சில் யாராவது கொட்டாவி விட்டால் சிரிக்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், உங்கள் டிபன் பாக்ஸில் ஒரு பங்கு அவர்களுக்கும் இருக்கட்டும். சரியா?