பன்னாடையும் பிரிக்கெட்டும்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அமுச்சி வீட்டுப் புறக்கடையில் ஒரு வெந்நீர் அடுப்பு இருந்தது. லீவுக்குப் போனால் விடியற்காலையில் அதைப் பற்றவைப்பது பேரப்பிள்ளைகள் வேலை. நல்ல கனமான வேலாமர விறகாகப் பார்த்து அடுக்கி, ஒவ்வொரு தீக்குச்சியாகக் கிழித்து நீட்டிக்கொண்டிருப்பேன். அரைப் பெட்டி தீர்ந்த பிறகும் விறகில் ஒரு கருப்புப் பொட்டுதான் விழுந்திருக்கும். "மொத்த வெறகு எடுத்ததும் புடிக்குமா கண்ணு? பன்னாடையக் கொண்டா" என்பார் அமுச்சி.

விறகு எரிகிறது என்று சொல்கிறோமே தவிர, சுடர்விட்டு எரிவது விறகு அல்ல. அது கக்குகிற ஆவி. முதலில் ஈரம் வெளியேற வேண்டும். பிறகு மரம் ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் சிதைந்து, எரியக்கூடிய ஆவியைப் போதுமான அளவு விடும். மொத்தக் கட்டையில் தீக்குச்சியின் சூடு பட்டால், அது உள்ளே பரவிக் கரைந்துபோகும். மெல்லிய சுள்ளியில் சூடு ஓடி ஒளிய இடமில்லை.

ஒரு கணக்குப் போடலாம். 10 சென்டிமீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கட்டையின் மேற்பரப்பு 1,400 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள 100 குச்சிகளாகப் பிளந்தால் 12,200. அதே மரம்தான், அதே எடைதான். தீ நக்கக் கிடைக்கும் இடம் மட்டும் எட்டு மடங்குக்கும் மேல். பன்னாடை இதில் இன்னும் ஒரு படி மேலே. தென்னை மட்டையின் அடியில் சாக்குத் துணிபோல நெய்தே கிடக்கும் நார் அது. இழைகளுக்கு நடுவே காற்றையும் வைத்துக்கொண்டு வருகிறது.

பன்னாடை இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரிக் கணப்பு. நிலக்கரி தீக்குச்சிக்கு மசியாது. அதனால் பைன் மரச் சுள்ளிகளைக் கட்டுக் கட்டாகக் கடைகளில் விற்றார்கள்; அதற்கென்று இயந்திரங்களும் வந்தன. துண்டு போட்ட மரத்தை ஓர் இயந்திரம் பிளக்கும். அறுப்பதில்லை, பிளப்பதுதான். வாள் நாரை அறுத்துத் தூளாக்கி வீணடிக்கும். ஆப்பு நாரோடு நாராகப் பிரித்துவிடும், பிளவு ஆப்புக்கு முன்னாலேயே ஓடும். பிறகு குச்சிகளை ஒரு வளையத்துக்குள் அடுக்கி, நெம்புகோலால் இறுக்கி, கயிறு சுற்றுவார்கள்.

கொங்கு நாட்டில் நான் பார்த்து வாய்பிளந்த இயந்திரம் இதற்கு நேர் எதிர். அது தூளைக் கட்டையாக்குகிறது; அந்தக் கட்டைக்குப் பிரிக்கெட் என்று பெயர்.

மரத்தூள், கடலைக்காய்த் தோல், பருத்திமார் எல்லாம் நல்ல எரிபொருள்கள்தான். ஆனால் லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் காற்றைத்தான் சுமக்க வேண்டும். பிரிக்கெட் ஆலையில் இவற்றைப் பொடித்து, காயவைத்து, ஓர் உலக்கையின் முன்னால் கொட்டுகிறார்கள். ஆளுயரச் சக்கரம் சுழல, உலக்கை நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் குத்துகிறது. தரை அதிர்வது செருப்பைத் தாண்டிக் காலில் தெரியும். குறுகலான அச்சின் வழியே தூள் பிதுங்கி, மறுமுனையில் ஆவி பறக்கப் பழுப்பு உருளையாக ஊர்ந்து வருகிறது. ஆறுவதற்காக நீண்ட தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதன் கடைசியில் தானாகவே ஒடிந்து விழும்.

பசை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ஆபரேட்டர் சிரித்தார். பசை மரத்துக்குள்ளேயே இருக்கிறது: லிக்னின். மரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் கான்கிரீட். குத்திலும் உராய்விலும் பிறக்கிற சூட்டில் அது இளகுகிறது. ஆறும்போது இறுகித் தூளைப் பிணைக்கிறது. சூடாக்கிய மரத்தூளை நீராவிச் சம்மட்டியால் அடித்துக் கட்டியாக்க 1880இலேயே அமெரிக்காவில் வில்லியம் ஸ்மித் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். கல்லாட்டம் மூழ்கியது. முருங்கை ஆனாலும் வேலாமரம் ஆனாலும் செல் சுவரின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மரம் மிதப்பது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால். அந்த வெற்றிடத்தைத்தான் உலக்கை நசுக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் துண்டு உப்பிப் பிளந்து, வாளி முழுக்க மரத்தூள். மழைக்காலத்தில் ஆலைக்காரர்கள் ஏன் தார்ப்பாயோடு அலைகிறார்கள் என்று அப்போது புரிந்தது.

இந்த உருளைகள் திருப்பூர் சாயப்பட்டறைகளின் பாய்லருக்கும் போகின்றன. அப்படி ஒரு பட்டறையில் திங்கட்கிழமை காலை நின்றிருந்தேன். ஞாயிறு முழுக்க ஆறிக் கிடந்த அடுப்பு. பிரிக்கெட்டை அடுக்கி முடித்த பாய்லர்காரர் மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்தார். உள்ளே காய்ந்த தென்னம்பாளையும் நாலைந்து பன்னாடையும்.