தோட்டா புதிது, துப்பாக்கி பழசு!

அமெரிக்காவின் சிற்றூர்த் துப்பாக்கிக் கடைகளில், கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில் பழைய ரிவால்வர்கள் சில கிடக்கும். நீலப் பூச்சு மங்கியிருக்கும், கைப்பிடி தேய்ந்திருக்கும். அவற்றில் பல .22 ரகம். விலை மலிவு, தோட்டாவும் மலிவு, சுட்டால் கை அதிராது. தகர டின்களை வரிசையாக வைத்துச் சுட்டு மகிழ்வது அங்கே குடும்பப் பொழுதுபோக்கு. அதற்காகவே இந்தப் பழசுகளைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருந்தாலே கடுமையான தண்டனை. ஆகவே இது நாம் விலைக்கு வாங்கும் பொருள் அல்ல. ஆனால் பழைய பொருள் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் வயதையும் நிலையையும் படித்து, இனியும் வேலை வாங்கலாமா என்று முடிவு செய்கிற அந்த முறை சுவையானது. தவறாகப் படித்தால் விரலோ கண்ணோ போகும்.

விளிம்பில் பற்றும் தீ

.22 தோட்டா 'ரிம்ஃபயர்' வகையைச் சேர்ந்தது. தட்டினால் தீப்பற்றும் மருந்து, தோட்டாவின் அடி விளிம்புக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பிடிக்கிறது. ஊசிக்கு நசுங்க வேண்டும் என்பதால் அங்கே பித்தளைத் தகடு மெல்லியதாகவே இருக்க முடியும். இந்த மெல்லிய விளிம்புதான் ரிம்ஃபயரின் பலவீனம்.

1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஏழு தோட்டா கொள்ளும் சிறிய ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. அதற்கென உருவானதே இன்று '.22 ஷார்ட்' எனப்படும் தோட்டா. உருளையை முன்பின்னாகத் துளைத்து, பின்புறமிருந்து தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு 25 காசு கொடுத்து அந்த உரிமையை நிறுவனம் பெற்றது. 1869இல் காப்புரிமை காலாவதியானதும் மற்றவர்களும் களத்தில் இறங்கினார்கள். மலிவு ரிவால்வர்கள் சந்தையில் குவிந்தன.

1887இல் '.22 லாங் ரைஃபிள்' வந்தது. அதுவும் கரிமருந்துக் காலத் தோட்டாதான். பிறகு புகையில்லா மருந்து வந்தது. 1930களில் 'அதிவேக' ரகம் பரவியது. உள்ளே அழுத்தம் கூடியது, ஆனால் வெளி அளவு மாறவில்லை. ஆகவே இன்று கடையில் வாங்கும் தோட்டா, அன்று கரிமருந்துக்காகச் செய்த துப்பாக்கிக்குள்ளும் தடையின்றி நுழையும். நுழைகிறது என்பதாலேயே சுடலாம் என்று ஆகிவிடாது. பழைய .22 வாங்குகிற எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்.

முதலில் பெயரும் வயதும்

எந்தச் சோதனைக்கும் முன்னால் உருளையைத் திறந்து, ஒவ்வோர் அறையும் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு குழலின் மேலும் பக்கவாட்டிலும் உள்ள எழுத்துகளைப் படிக்கலாம். தயாரிப்பாளர் பெயர், ஊர், தோட்டாவின் ரகம் ஆகியவை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால் அதைத் தயாரிப்பு ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே தேதியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்திருப்பார்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1957 முதல் தன் ரிவால்வர்களுக்கு மாடல் எண் கொடுக்கத் தொடங்கியது. உருளையை வெளியே சாய்த்தால், அது மடங்கும் இடத்தில் சட்டத்தின் மீது அந்த எண் தெரியும். தொடர் எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், பழைய ஏடுகளைப் பார்த்து விவரம் தரும் ஏற்பாடும் உண்டு. தொடர் எண் அரத்தால் ராவப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், கடையை விட்டு வெளியேறுவதுதான் நல்லது. அழித்த எண்ணோடு வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். 1898ஆம் ஆண்டு வரை தயாரானவற்றைக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம்.

உருளையின் பின்முகம்

வயது தெரிந்த பின் உருளையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அறையின் வாயும் குடைந்து, தோட்டாவின் விளிம்பு உள்ளே பதியும்படி இருக்கிறதா? இருந்தால் அந்த மெல்லிய விளிம்பைச் சுற்றி எஃகு வேலி இருக்கிறது என்று பொருள். விளிம்பு கிழிந்தாலும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடாது. 1930களில் ஐவர் ஜான்சன் நிறுவனம் தன் எட்டுத் தோட்டா ரிவால்வருக்கு 'சீல்டு 8' என்று பெயர் வைத்து விற்றது இந்த அமைப்பை முன்னிறுத்தித்தான்.

குடைவு இல்லாமல் பின்முகம் தட்டையாக இருந்தால், அது அதிவேகத் தோட்டாவுக்கு உரியதல்ல. கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கி என்றால் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவு.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1959இல் வின்செஸ்டர் நிறுவனம் .22 மேக்னம் தோட்டாவைக் கொண்டுவந்தது. பெயரில் .22 இருந்தாலும் அதன் கூடு சற்றுப் பருமன். மேக்னம் அறையில் சாதாரண லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் தொளதொளவென்று இருக்கும், சுட்டால் கூடு பிளக்கலாம்.

கைச் சோதனை

சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி முழுமையாக நிற்கும் நேரத்துக்குள் உருளையும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைகளுக்கும் இதைச் செய்து பார்ப்பது அவசியம். ஓர் அறை மட்டும் பிந்தினாலும் குண்டு குழலின் வாயில் நேராக நுழையாமல் ஓரத்தில் உரசும், ஈயத் துகள் பக்கத்தில் நிற்பவர் மீது தெறிக்கும். இழுத்து நிறுத்திய சுத்தியைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் அது விழக் கூடாது. விழுந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது.

குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். நடுவில் கருவளையம் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, பின்னால் வந்தது அதை மோதி, குழல் உப்பியிருக்கலாம். அறை வாயின் ஓரத்தில் சிறு பள்ளம் இருந்தால், தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து விளையாடியிருக்கிறார்கள். சென்டர்ஃபயர் துப்பாக்கியில் ஊசியின் எதிரே வெற்றிடம். ரிம்ஃபயரில் அது அறையின் ஓரத்தையே குத்தும். பள்ளம் விழுந்த அறையில் தோட்டா எளிதில் நுழையாது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், பழக்கமில்லாத கை உள்ளே நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று திருகாணிக் கதை

1953இல் ரூகர் நிறுவனம் வெளியிட்ட 'சிங்கிள் சிக்ஸ்' இன்றும் விரும்பி வாங்கப்படும் .22 ரிவால்வர். சட்டத்தின் பக்கவாட்டில் மூன்று திருகாணிகள் இருந்தால் அது பழைய ரகம். சுத்திக்கு அடியில் தோட்டா இருக்கும்போது கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலியான அறையின் மேல் சுத்தியை வைப்பதே வழக்கம். 1973இல் வந்த புதிய ரகத்தில் விசையை இழுத்தால்தான் மேலெழும் இடைத்தகடு ஒன்று வந்தது. திருகாணிகள் போய் இரண்டு ஊசித்தண்டுகள் வந்தன.

பழைய துப்பாக்கிக்கும் இந்தப் பாதுகாப்பு உறுப்பை ரூகர் இலவசமாகப் பொருத்தித் தருகிறது, கழற்றிய பாகங்களையும் திருப்பி அனுப்புகிறது. ஆனால் சேகரிப்பாளர்கள் மாற்றம் செய்யாததற்கே கூடுதல் விலை கொடுக்கிறார்கள்! காசா, கால் பாதமா என்பது வாங்குகிறவர் முடிவு. சுடுவதற்காக வாங்கியவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

விலை விஷயத்தில் இன்னொன்று. மங்கிய பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதுப் பூச்சுக் கொடுத்தால் மதிப்புக் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு. தேய்ப்பதில் எழுத்துகள் மழுங்கும், விளிம்புகள் உருண்டுவிடும், சேகரிப்பாளர் விலகிப் போவார். லேசாக எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

இத்தனையும் தேறினாலும், முதல் குண்டு சுடுமுன் பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் கைத்தேர்ந்தவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். அறையும் குழலும் நேர்கோட்டில் உள்ளனவா என்று கம்பி விட்டு அளக்கும் கருவி அவரிடம் இருக்கும். பிறகும் கண்ணாடி, காதடைப்பு, வேகம் குறைந்த சாதாரணத் தோட்டா ஆகியவற்றோடுதான் தொடங்க வேண்டும். சுட்டு முடித்ததும் ஈயம் படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்கலாம்.